முன்னதா, பின்னதா

தீவன ஆலையின் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் டக்கக்கா என்பார்கள். எதைக் கேட்டாலும் டக்கென்று எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வைத்தவர் அவள் வீட்டுக்காரர். அதே ஆலையில் எந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அவர். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிற அந்த மனுஷனுக்கு மட்டும் யாரும் பதிலுக்கு ஒன்று வைக்கத் துணியவில்லை, அவர் பிட்டராகவே நின்றுவிட்டார்.

தேடுவது என்றாலே டக்குவுக்கு ஆகாது. வீட்டில் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் கையில் வந்துவிடும். மாமியாரின் மூக்குக்கண்ணாடி மாமியாருக்கு முன்னால் இவளுக்குத்தான் கிடைக்கும். 'உனக்கு முதுகிலயும் கண்ணு இருக்கும்மா' என்பார் அத்தை. பாராட்டா குறையா என்று பிடிபடாத குரலில் பேசுவதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வீட்டில் மூன்றே பேர். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேர் சண்டை போடுவார்கள், ஒருவர் சிரிப்பார். சிரிப்பது எப்போதும் பிட்டர்தான்.

அலுவலகத்தில் மற்றவர்கள் ஒரு எக்செல் கோப்பைத் திறப்பதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு போல்டருக்குள் இன்னொரு போல்டர், அதற்குள் இன்னொன்று, கடைசியில் 'புதியது', 'புதியது கடைசி', 'இதுதான் கடைசி' என்று நாலைந்து படுத்துக் கிடக்கும். எதைத் திறப்பது என்று தலையைச் சொறிவார்கள். டக்குவுக்கு அந்த வம்பே இல்லை. எக்செல்லைத் திறந்ததும் அண்மையில் பார்த்த கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும் அல்லவா, அதில் ஒரு பெயரின் மேல் அம்பைக் கொண்டுபோனால் ஓரத்தில் குட்டியாக ஒரு குண்டூசி தெரியும். அதை அழுத்திவிட்டால் போதும். அந்தக் கோப்பு வரிசையின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு எத்தனை கோப்பு வந்தாலும் போனாலும் கீழே இறங்காது. அதற்கு ஆலையில் எல்லாரும் சொல்வது 'பின் பண்றது'. மூட்டை இருப்பு, லாரி வரவு, பரிசோதனை முடிவு என்று தினமும் புழங்குகிறவற்றையெல்லாம் டக்கு பின் பண்ணி வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், 'உள்ளே யார்' என்ற கோப்பு இருந்தது.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆலையின் நடுவில் கலவை எந்திரம் இருக்கிறது. ஒரு அறை அளவுக்கு இரும்புத் தொட்டி, அதற்குள் ஆள் உயரத்துக்குச் சுழலும் தகடுகள். தவிட்டையும் சோளத்தையும் பிண்ணாக்கையும் பாகு ஊற்றிப் பிசைந்து தள்ளுவது அதன் வேலை. பாகு தகடுகளில் ஒட்டி இறுகிக் கல்லாகிவிடும். அப்போது ஒரு ஆள் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கி, குனிந்து உட்கார்ந்து சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டும் அறையோ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே பொத்தானை அழுத்துகிறவருக்குத் தொட்டிக்குள் ஆள் இருப்பது தெரியாது. அதனால் உள்ளே இறங்குகிறவர் மின் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும் என்பது விதி. பூட்டும் இருந்தது, ஒரு காலத்தில். அது துருப்பிடித்து உடைந்தபோது பிட்டர் போய் மானேஜரிடம் கேட்டார். 'அதான் கம்ப்யூட்டர்ல ஏறுதேப்பா, பூட்டு வேற எதுக்கு?' என்றார் மானேஜர். ஒரு பூட்டு. கைப்பிடி அளவு இரும்பு. நினைக்கும்போதே வயிறு எரிகிறது.

ஆக, பூட்டின் வேலையை டக்கு பார்த்தாள். உள்ளே இறங்குகிறவர் அவளிடம் சொல்லிவிட்டு இறங்குவார், அவள் 'உள்ளே யார்' கோப்பில் பெயரை ஏற்றுவாள். வெளியே வந்து சொன்னதும் எடுத்துவிடுவாள். எந்திரத்தை ஓட்டுவதற்கு முன் ஓட்டுபவர் போனில் அவளைக் கேட்பார். கேள்வி முடிவதற்குள் பதில் போய்விடும்.

அவள் பேச்சும் அப்படித்தான் ஓடும். வாக்கியத்தின் பாதி அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். 'சாப்டீங்களா' என்பது 'சாட்டீங்ளா' என்று வரும், 'எடுத்துட்டு வந்துட்டேன்' என்பது 'எட்டாந்தேன்' ஆகிவிடும். 'பாதி வார்த்தைய முழுங்கிடுறா, அதான் சோறு கம்மியா இறங்குது' என்று பிட்டர் கேலி செய்வார். 'புரியுதுல்ல? அப்புறம் என்ன?' என்று இவள் முறைப்பாள். புரிந்துகொண்டுதான் இருந்தார்கள். பழகியவர்களுக்கு அவள் விழுங்கிய பாதியும் கேட்கும்.

எந்திரத்தை ஓட்டுபவருக்குப் புலவர் என்று பெயர். இதுவும் பிட்டர் வைத்ததுதான். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுவார். டீ வேண்டுமா என்று கேட்டால் 'அருந்தலாமே' என்பார். இரண்டு பொருளைப் பற்றிப் பேச்சு வந்தால் அது, இது என்று சொல்ல மாட்டார், முன்னது, பின்னது என்றுதான் சொல்வார். 'கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் இரண்டும் தயார். முன்னதை ஏற்றிவிட்டார்கள், பின்னது காத்திருக்கிறது' என்று போனில் சொல்லும்போது அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். வேலையில் அப்படி ஒரு கவனமான ஆள். சந்தேகம் வந்தால் கேட்காமல் பொத்தானில் கை வைக்க மாட்டார். பிட்டருக்கு அவர் மேல் தனி மரியாதை. 'புலவர் ஓட்டுற நேரத்துல நான் உள்ள படுத்துத் தூங்குவேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஆலையைப் பார்வையிட யாரோ வருகிறார்கள் என்று மானேஜர் பரபரத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் காட்ட 'உள்ளே யார்' கோப்பைத் தன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். எடுத்தவர் சும்மா போகாமல் டக்குவின் கணினியிலேயே டெஸ்க்டாப்பிலும் ஒன்று போட்டு, அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வரிசையில் 'உள்ளே யார்' இரண்டு முறை தெரிந்தது. உச்சியில் ஒன்று, குண்டூசியோடு, அதுதான் அசல். பின் பண்ணியவையெல்லாம் முடிந்து மற்றவை தொடங்கும் இடத்தில் இன்னொன்று, குண்டூசி இல்லாமல். பெயர் அதே, எழுத்து அதே. திறந்தால் உள்ளே பிரதி எடுத்த நாளின் நிலவரம் அப்படியே உறைந்து கிடக்கும்: கலவை எந்திரம், உள்ளே யாரும் இல்லை.

டக்கு பார்த்தாள். 'சார், உங்க காப்பிய எடுத்துடட்டுமா?' என்று கேட்கவும் செய்தாள்.

'அவங்க வந்துட்டுப் போகட்டும்மா. இப்ப அது உன்னை என்ன பண்ணுது?'

அவளை ஒன்றும் பண்ணவில்லைதான். அவள் கை தானாக முதல் வரிக்குப் போகும், கீழே என்ன கிடந்தால் என்ன? அவள் அந்த வரிசையைப் படிப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டுகூட அசலைத் திறப்பாள். வேறொருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவள் மனதில் எட்டிப்பார்க்கவே இல்லை.

அத்தைக்குக் கண் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். கண்ணில் மருந்து விட்டால் ரொம்ப நேரம் பார்வை மங்கலாக இருக்கும், கூட ஆள் வேண்டும். பிட்டர் போவதாகத்தான் இருந்தது. ஆனால் கலவை எந்திரம் இறுகிக்கொண்டது, அவரை விட்டால் இறங்க ஆள் இல்லை. 'நீ கூட்டிட்டுப் போ டக்கு, நான் சீக்கிரம் சுரண்டி முடிச்சிட்டு அங்கயே வந்துடுறேன்' என்றார்.

காலையில் அவள் அலுவலகம் போய் அவர் பெயரை 'உள்ளே யார்' கோப்பில் ஏற்றினாள். சேமித்தாயிற்றா என்று இருமுறை பார்த்தாள். தொட்டியருகே போனாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, போனை அதன் பையில் வைத்துவிட்டு, கையில் சுரண்டியோடு நின்றார். தொட்டி வாயில் துணைக்கு நிற்க வேண்டிய ஆள் நின்றுகொண்டிருந்தான்.

'ஏத்திட்டியா?'

'ஏத்தாச்சு.'

'அது என்ன ஏத்தாச்சு? ஏத்தியாச்சுன்னு சொல்லு. எழுத்தைத் தின்னு தின்னுதான் நீ ஊதிட்ட.'

இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் தலை தொட்டி வாய்க்குள் மறைவதைப் பார்த்துவிட்டு டக்கு கிளம்பினாள். அவள் வாசலைத் தாண்டியதும் மானேஜர் வந்து, துணைக்கு நின்ற ஆளை லாரி இறக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புலவர் அப்போது வேலைக்கே வந்திருக்கவில்லை. அவர் முறை மதியம்தான்.

கண் மருத்துவமனையில் கூட்டம் பொங்கி வழிந்தது. குழந்தைகளின் அழுகை, பெயர் கூப்பிடும் ஒலிபெருக்கி, சக்கர நாற்காலிகள். அத்தைக்கு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மருமகளின் முழங்கையைப் பிடித்தபடி, 'எம்புள்ள இன்னும் வரலையா? அந்தத் தொட்டிக்குள்ளயே குடும்பம் நடத்துறானா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். டக்குவுக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. இந்நேரம் முடித்திருக்க வேண்டுமே. பாகு கல்லாகியிருக்கும், தனியாளாகச் சுரண்ட நேரம் பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. அலுவலக எண். பேசியவர் புலவர்.

'அம்மா, தாங்கள் இல்லாத நேரத்தில் தொந்தரவு. வெளியே லாரி நிற்கிறது, மானேஜர் எந்திரத்தை ஓட்டச் சொல்லி நெருக்குகிறார். கோப்பைப் பார்க்காமல் நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உங்கள் இருக்கைக்கே வந்துவிட்டேன்.'

'சொல்ங்கண்ணே.'

'"உள்ளே யார்" என்று ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றனவே. எதைத் திறப்பது? முன்னதா, பின்னதா?'

அதே நொடியில் ஒலிபெருக்கி அத்தையின் வரிசை எண்ணைக் கூப்பிட்டது. டக்கு எழுந்துகொண்டே கேட்டாள், கேட்டதில் பாதிதான் காதில் விழுந்தது. கோப்பு, இரண்டு, எது என்பது மட்டும் கேட்டது. அது போதும் அவளுக்கு. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பின் பண்ணதைத் திறங்கண்ணே என்றாள். அப்படிச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள்.

'பின்னது. நல்லது அம்மா' என்று சொல்லிப் புலவர் வைத்துவிட்டார்.

ஒலிபெருக்கி கூப்பிட்டது அத்தையை இல்லை, பக்கத்து வரிசையில் அதே எண்ணை வைத்திருந்தவரை. மறுபடி உட்கார்ந்தார்கள். அத்தை கண்ணைத் திறக்காமலே முகத்தை இவள் பக்கம் திருப்பினார்.

'யாரு, புலவரா? எதும்மா பின்னாடி இருக்கு?'

'பின்னாடியா? பின்னாடி ஒண்ணுமில்ல அத்தை.'

'பின்னதைத் தொறங்கன்னியே இப்ப.'

டக்கு சிரித்தாள். 'பின்னதை இல்ல அத்தை. பின். பின் பண்...'

சிரிப்பு பாதியில் நின்றது. புலவர் கேட்ட கேள்வி முழுசாக அப்போதுதான் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. முன்னதா, பின்னதா. போனை வைக்கும்முன் அவர் சொன்ன கடைசி வார்த்தையும் வந்து சேர்ந்தது. பின்னது, நல்லது அம்மா.

அலுவலக எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அலுவலகத்திலிருந்து ஓட்டும் அறைக்கு நடக்கும் நேரத்தை அவள் மனம் கணக்குப் போட்டது, தூணைத் தாண்டினால் படி, படி இறங்கினால் கதவு. மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எண்ணுக்கு அடித்தாள். அந்தப் போன் ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் கிடந்து அடிக்கும் என்று தெரிந்தேதான் அடித்தாள். மானேஜருக்கு அடித்தாள், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். விரல் தப்பித் தப்பி விழுந்தது. எதையும் தேடியே பழக்கமில்லாதவள், வாசல் காவலாளியின் எண்ணைத் தேடினாள். அது எங்கேயோ கீழே கிடந்தது. ஒருபோதும் அவசரமாகத் தேவைப்படாது என்று அவள் பின் பண்ணி வைக்காத எண்.

'ஏம்மா இப்பிடிப் பதறுற? யாருக்கு என்ன?' என்றார் அத்தை. பிடித்த முழங்கையை விடவில்லை.

காவலாளி எடுத்துவிட்டார். 'என்னக்கா?'

'மிசின நிறுத்தச் சொல்ங்க! உள்ள அவர்...'

'என்னக்கா? சத்தமா சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல. இங்க கலவை ஓடிட்டிருக்கு.'

அவளுக்கும் கேட்டது. காவலாளியின் குரலுக்குப் பின்னால், வருஷக்கணக்காக நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய அந்த உறுமல், ஒரே சீராக.

பிறகு நடந்ததையெல்லாம் விவரிக்க மனம் வரவில்லை. பிட்டர் போய்விட்டார். புலவர் அன்று சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்தவர், தூக்கி விடுகிற வரை எழவில்லை. அதன் பிறகு அவர் வேலைக்கு வரவே இல்லை. மானேஜர் மட்டும் வழக்கம்போல வந்தார். மின் பெட்டியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது, பளபளவென்று.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அலுவலக அறையில், டக்குவின் மேசையருகே நாற்காலிகளைப் போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, எழுதி முடித்துவிட்டுப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார். பழைய பூட்டைப் பற்றிக் கேட்டார், துணை ஆளைப் பற்றிக் கேட்டார், பிரதியைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் மானேஜரிடம் ஒரு காகிதம் இருந்தது. கடைசியில் எல்லாம் சுருங்கி ஒரு சொல்லில் வந்து நின்றது.

'பின்னது என்றுதான் என் செவியில் விழுந்தது' என்றார் புலவர். முகச்சவரம் செய்யாமல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு உட்கார்ந்திருந்தார். 'நான் திருப்பியும் சொன்னேன். பின்னது என்று திருப்பிச் சொன்னேன் ஐயா. அவர் மறுக்கவில்லை.'

'நீங்க என்னம்மா சொன்னீங்க?'

'பின் பண்ணதை' என்றாள் டக்கு. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். மெதுவாகச் சொன்னால் பின் பண்ணதை என்று வந்தது. வழக்கம்போலச் சொன்னால் நடுவில் இருப்பது தொண்டைக்குள் போய், மீதி எது நின்றது என்பது அவளுக்குத் தெரியும். எழுத்தைத் தின்னு தின்னு என்று அவர் சிரித்துக்கொண்டே இறங்கியது கண்முன் வந்தது.

'ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கீங்க, அவ்வளவுதான்' என்றார் மானேஜர். 'சொன்னவங்களா, கேட்டவரா, அதை மட்டும் எழுதிக்குங்க சார்.'

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். 'அம்மா, நீங்க அப்ப பக்கத்துல இருந்தீங்க இல்ல? உங்க காதுல என்ன விழுந்துச்சு?'

புலவர் தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தார், தண்ணீர் கேட்கிறவரைப் போல. டக்கு பார்க்கவில்லை. மேசைமேல் அணைந்து கிடந்த கணினித் திரையையே பார்த்தாள். பெற்றவளின் வாயிலிருந்தே அந்த உண்மை வரட்டும், வந்துவிட்டால் தன்னால் மூச்சுவிட முடியும் என்று அவளுக்குத் தோன்றியது.

'பின் பண்ணதைன்னுதான் சொன்னா' என்றார் அத்தை. 'தெளிவா சொன்னா. எனக்குக் கண்ணுதான் அன்னிக்கு மங்கல், காதுக்கு ஒண்ணும் இல்ல.'

அதிகாரி எழுதிக்கொண்டார். புலவர் எழுந்து, மாமியார் மருமகள் இருவரையும் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மாமியாரும் மருமகளும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். அத்தை அன்று போலவே அவள் முழங்கையைப் பிடித்திருந்தார், பார்வை நன்றாகத் தெரிந்தும். பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. ஏறவில்லை.

'இனிமே மெதுவா பேசு' என்றார் அத்தை, சாலையைப் பார்த்தபடி. 'வார்த்தைய முழுங்காத.'

'சரி அத்தை' என்றாள் டக்கு, ஓர் எழுத்தும் விடாமல்.